ஓடு ஒன்று, உடம்பு வேறு: கிளிப்டோடான் அடையாளச் சிக்கல், ஒரு நிகழ்வு ஆய்வு

அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் கல் கிடைப்பது அரிது. கண்ணுக்கெட்டிய தூரம் புல், அதற்கடியில் செம்பழுப்பு வண்டல், அவ்வளவுதான். ஆறு கரையை அரிக்கும்போது அந்த வண்டலிலிருந்து கெட்டியாக ஏதாவது துருத்திக்கொண்டு வந்தால், அது பெரும்பாலும் எலும்பாகத்தான் இருக்கும். சில இடங்களில் வருவது முழு ஓடு. ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கவிழ்ந்து கிடக்கும். ஓர் அங்குலக் கனமுள்ள எலும்புச் சில்லுகள், ஆயிரத்துக்கும் மேல், ஒன்றோடொன்று பொருந்தி ஒரே கூரையாக நிற்கும். ஒவ்வொரு சில்லின் மேலும் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் இதழ் இதழாகச் செதுக்கல்.

இந்த ஓடு யாருடையது என்பதுதான் வழக்கு. இன்றைக்கு விடை தெரியும். ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கான ஆர்மடில்லோவின் இனத்தோடு உறவுள்ள, அழிந்துபோன பெரிய பாலூட்டிகளான கிளிப்டோடான்களுடையது. ஆனால் 1820-களிலிருந்து 1839 வரை ஐரோப்பாவின் பெரிய பெரிய உடற்கூறு அறிஞர்கள் இதைத் தூக்கி வேறொரு விலங்கின் முதுகில் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த விலங்கு மெகாத்தேரியம், யானை அளவுக்கு வளர்ந்த தரைவாழ் ஸ்லாத். இன்றைய ஸ்லாத் மரத்தில் தொங்கி மெல்ல நகரும் சிறு விலங்கு.

அந்தக் காலத்து ஆட்களுக்கு அறிவு போதாது, அதனால் தவறினார்கள் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடும் உண்மை, எலும்புக்கூடும் உண்மை, இரண்டையும் விவரித்தவர்கள் கவனமாகவே விவரித்திருந்தார்கள். இரண்டும் ஒரே குழியில் கிடைத்தனவா என்ற ஒரு கேள்வியை மட்டும் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. என் கட்சி இதுதான்.

விலங்கைப் பற்றிக் கொஞ்சம்

ஆர்மடில்லோ என்றதும் நம்மூர் ஆட்களுக்கு அழுங்குதான் நினைவுக்கு வரும். பார்வைக்கு ஒத்துப்போனாலும் இரண்டுக்கும் உறவில்லை. அழுங்கின் செதில்கள் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆனவை. குடும்பக் கணக்கில் அது பூனை, நாய் போன்ற ஊனுண்ணிகளுக்குப் பக்கத்தில் வரும். ஆர்மடில்லோவின் கவசமோ தோலுக்குள்ளேயே விளையும் எலும்பு, மேலே மெல்லிய கொம்புப் படலம். ஸ்லாத், எறும்புதின்னி ஆகிய தென் அமெரிக்க விலங்குகள்தான் அதன் தூரத்துச் சொந்தம். இந்தச் சொந்தத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

இன்றைய ஆர்மடில்லோக்களின் ஓட்டில் நடுவே வளையும் பட்டைகள் உண்டு. பிற்காலக் கிளிப்டோடான்களுக்கு அது கிடையாது. முதுகு முழுக்க அசையாத ஒரே கூரை. முதுகெலும்புகள் பலவும் ஒட்டிப்போய்க் குழாயாகிவிட்டன. ஆமை மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது, அதனால் தலைக்குத் தனியாக ஓர் எலும்புத் தொப்பி. வாலுக்கும் கவசம் உண்டு. கிளிப்டோடானுக்கு அது வளையம் வளையமாக இருக்கும். டோடிக்யூரஸ் என்ற இன்னொரு பேரினத்துக்கு வால் கவசம் நீண்ட எலும்புக் குழாயாகி, நுனி கதாயுதம்போல் பருத்திருக்கும். ஒரு டன்னைத் தாண்டிய எடை. முழுக்கத் தாவர உணவு. நீண்டு வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள், எனாமல் கிடையாது, ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் மேலிருந்து கீழாக ஆழமான வரிப்பள்ளங்கள். வழக்கைத் தீர்த்துவைத்ததில் இந்தப் பல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் சாட்சி சொன்னது சரி

தாமஸ் ஃபால்க்னர் மான்செஸ்டர்க்காரர், வைத்தியம் படித்தவர், யேசு சபையில் சேர்ந்து பல பத்தாண்டுகள் லா பிளாட்டா பகுதியில் இருந்தார். 1767-இல் ஸ்பெயின் அரசு யேசு சபையாரை வெளியேற்றியபோது அவரும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. படகோனியா பற்றி அவர் எழுதிய நூல் 1774-இல் வெளிவந்தது. கார்கரான்யா ஆற்றங்கரையில் தாமே கண்ட ஒரு ஓட்டைப் பற்றி அதில் சொல்கிறார். ஆறு பக்கம் கொண்ட சிறு எலும்புகளால் ஆனது, ஒவ்வொரு எலும்பும் குறைந்தது ஓர் அங்குல விட்டம், ஓடு மொத்தம் மூன்று கஜத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அளவைத் தவிர மற்றெல்லா வகையிலும் ஆர்மடில்லோ ஓட்டின் மேற்பகுதியாகவே தெரிந்தது என்கிறார். இக்காலத்து ஆர்மடில்லோவின் ஓடு ஒரு சாண் அகலத்துக்கு மேல் இல்லையே என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

வழக்கு இங்கேயே முடிந்திருக்கலாம். ஃபால்க்னருக்கு எந்தக் கோட்பாடும் இல்லை, அழிந்துபோன உயிரினம் என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார், சரியாகச் சொன்னார்.

மெகாத்தேரியம் வந்து சேர்கிறது

1787-இல் புவெனஸ் ஐரிஸுக்கு மேற்கே லூஹான் ஆற்றங்கரையில் ஒரு பேருரு எலும்புக்கூடு வெளிப்பட்டது. தோண்டியவர் மனுவேல் டோரெஸ் என்ற துறவி. வைஸ்ராய் அதை மாட்ரிட்டுக்குக் கப்பலேற்றினார். அங்கே ஹுவான் பௌதிஸ்தா ப்ரு அதை நிற்க வைத்துப் படங்கள் வரைந்தார். அந்தப் படங்கள் பாரிஸில், அக்காலத்தின் தலைசிறந்த உடற்கூறு அறிஞரான ஜார்ஜ் குவியேயின் கைக்குப் போயின. குவியே எலும்புக்கூட்டை நேரில் பார்க்காமலேயே 1796-இல் அது ஸ்லாத்துகளின் உறவு என்று கணித்து மெகாத்தேரியம் என்று பெயரிட்டார். கணிப்பு அபாரம், இன்றைக்கும் நிற்கிறது. அந்த எலும்புக்கூட்டோடு ஓடு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சிக்கலுக்கு விதை மான்டெவிடியோவிலிருந்து வந்தது. தாமாசோ லாரன்யாகா என்ற பாதிரியார், அந்த ஊரின் தேர்ந்த இயற்கை ஆய்வாளர், ஓட்டோடு கூடிய ஒரு பெரிய விலங்கின் மிச்சங்களைப் பற்றிக் கடிதம் எழுதினார். அதில் விலங்கை ஆர்மடில்லோ பேரினத்தில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே இதுதான் குவியேயின் மெகாத்தேரியம் என்றும் குறித்தார். பாதி சரி, பாதி தவறு. குவியே 1823-இல் வந்த தம் நூல் பாகத்தில் இதை ஒரு அடிக்குறிப்பாகச் சேர்த்தார்: மெகாத்தேரியத்துக்குக் கவசம் இருந்திருக்கக்கூடும். அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் குவியே எழுதிய அடிக்குறிப்பு அந்தக் காலத்தில் வெறும் அடிக்குறிப்பாக இருக்க முடியாது.

அடுத்து பெர்லின். செல்லோ என்பவர் உருகுவே பக்கத்திலிருந்து அனுப்பிய ஓட்டுத் துண்டுகளைக் கனிமவியலாளர் வைஸ் ஆராய்ந்து, மெகாத்தேரியத்தின் கவசம் என்றே அறிவித்தார். ஸ்லாத்தும் ஆர்மடில்லோவும் தூரத்துச் சொந்தம் என்றேன் அல்லவா? அது அப்போதே தெரிந்திருந்தது. ஆகவே ஸ்லாத் உடம்பில் ஆர்மடில்லோ ஓடு என்பது அவர்களுக்கு வினோதமாகவே படவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் நடுவே நின்ற மூதாதை மாதிரி, பொருத்தமாகவே தோன்றியிருக்கும்.

லண்டனுக்கு வந்த பெட்டிகள்

புவெனஸ் ஐரிஸில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த வுட்பைன் பாரிஷ் சேர்த்த எலும்புகள்தான் வழக்கின் மையம். சலாடோ ஆறு வறட்சியில் வற்றிக்கிடந்தபோது தண்ணீருக்குள் ஏதோ பெரிதாகத் தெரிந்தது. பண்ணையாள் ஒருவர் மாடு பிடிக்கும் சுருக்குக் கயிற்றை வீசி இழுத்தார். கரையேறியது ஒரு பிரமாண்டமான இடுப்பெலும்பு. செய்தி பாரிஷுக்கு எட்டியது. ஆட்களை அனுப்பி ஆற்றுப் படுகையிலிருந்து அந்த எலும்புக்கூட்டின் பெரும் பகுதியை எடுத்தார். இன்னும் எங்காவது இருக்குமா என்று தேடச் சொன்னார். வேறு இரண்டு இடங்களில் கிடைத்தன. அங்கே எலும்புகள் குறைவு, ஓடு நிறைய.

1832-இல் எல்லாம் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. காப்பாளர் வில்லியம் கிளிஃப்ட் விவரித்து எழுதினார், ஓட்டைப் படமாகவும் போட்டார். மூன்று இடங்களையும் அவர் தனித்தனியாகவே குறித்திருக்கிறார். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சலாடோ எலும்புக்கூட்டின் பெரும் பகுதி கிடைத்தது, அதில் ஓட்டின் ஒரு சில்லுகூட இல்லை. ஓடு கிடைத்த இரண்டு இடங்களில் மெகாத்தேரியம் என்று அடித்துச் சொல்லக்கூடிய எலும்பு இல்லை. அச்சில் இருக்கும் தகவல்தான். ஆனால் படித்தவர்கள் குவியேயின் அடிக்குறிப்பை மனதில் வைத்துக்கொண்டு படித்தார்கள். மூன்று குழிகள் ஒரே விலங்காகக் கலந்துவிட்டன.

கலந்ததோடு நிற்கவில்லை, விளக்கமும் தயாரானது. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் பக்லண்ட் 1836-இல் வெளியிட்ட நூலில் மெகாத்தேரியத்தின் தூண்போன்ற பின்கால்கள், அகன்ற இடுப்பு, பருத்த வால் எல்லாம் அத்தனை கனமான கவசத்தைத் தாங்குவதற்கு ஏற்றவை என்று காட்டினார். கவசம் எதற்கு? கிழங்கு தேடி மண்ணைத் தோண்டும்போது முதுகில் புழுதி விழாமலிருக்க, பூச்சிகள் மொய்க்காமலிருக்க. சிரிப்பு வருகிறது, ஆனால் தர்க்கத்தைப் பாருங்கள். இடுப்பு பெரிதாக இருப்பதால் கவசம் இருந்திருக்க வேண்டும், கவசம் இருந்ததால்தான் இடுப்பு பெரிது. ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து இரண்டும் நிற்கின்றன, தரையில் எதுவும் ஊன்றவில்லை. இந்த வகை வாதம் இன்றைய ஆய்வுக் கட்டுரைகளிலும் வரத்தான் செய்கிறது, அடையாளம் கண்டுகொள்வதுதான் கஷ்டம்.

டார்வினின் அடைப்புக்குறி

1832 செப்டம்பரில் பீகிள் கப்பல் பாயியா பிளாங்காவில் நின்றது. 23 வயது டார்வின் புன்டா ஆல்டா கடலோரச் சரிவில் எலும்புகளைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அதே நாட்களில் அவர் சாப்பாட்டில் ஆர்மடில்லோவும் இருந்தது. ஓட்டை நீக்கிச் சமைத்தால் பார்க்கவும் ருசிக்கவும் வாத்து மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஆக ஆர்மடில்லோ ஓடு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அக்டோபர், நவம்பரில் தம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்கு எழுதிய கடிதத்தில் பலமூலை எலும்புச் சில்லுகள் கிடைத்ததைச் சொல்கிறார். இவை மெகாத்தேரியத்தினுடையவை என்று ‘அண்மை ஆய்வுகள்’ காட்டுகின்றனவாம் என்கிறார். அந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் ‘அவை என்ன ஆய்வுகள்?’ என்றும் கேட்கிறார். அடுத்த வரி: பார்த்தவுடனே இவை ஒரு மாபெரும் ஆர்மடில்லோவுடையவையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அந்த இனம் இங்கே ஏராளமாக வாழ்கிறதே.

இந்த வழக்கில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் இதுதான். முதல் பார்வையில் சரியான விடை வருகிறது. அச்சில் வந்த கருத்து குறுக்கே நிற்கிறது. சந்தேகம் எழுகிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறார். ஆனாலும் கடைசியில் அதிகாரபூர்வமான கருத்துக்கே வழிவிடுகிறார். கப்பலில் இருக்கிறார், லண்டனில் என்ன கிடைத்தது என்று தெரியாது, வேறென்ன செய்ய முடியும்?

பயணம் முழுக்க இந்த ஓடு அவரை விடவில்லை. 1833-இல் பரானா ஆற்றோரம் ஏறக்குறைய நான்கு அடி அகலமுள்ள துண்டு ஒன்று கிடைத்தது. அங்கே கண்ட ஓட்டின் உள்ளே அடைந்திருந்த மண்ணை எடுத்ததும் அது பெரிய அண்டா மாதிரி இருந்தது என்று பயண நூலில் எழுதுகிறார்.

மருமகனின் தீர்ப்பு

டார்வின் கடிதம் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பெர்லினில் எட்வார்ட் டால்டன் செல்லோவின் பெட்டிகளை மறுபடி திறந்தார். வைஸ் ஓட்டைப் பார்த்தார், டால்டன் ஓட்டோடு வந்த எலும்புகளைப் பார்த்தார். கால், பாத எலும்புகள் ஆர்மடில்லோவோடு ஒத்துப்போயின. தீர்ப்பின் முதல் பாதி இங்கே எழுதப்பட்டது, ஆனால் லண்டனில் அதற்குப் பெரிதாகக் காது கொடுக்கவில்லை.

1830-களின் கடைசியில் புவெனஸ் ஐரிஸுக்குத் தெற்கே, மட்டான்சா ஆற்றுப் பக்கம், ஓடும் எலும்புக்கூடும் ஒன்றாகக் கிடைத்தன. ஒரு பல்லும் படமும் பாரிஷ் வழியாக லண்டன் உடற்கூறு அறிஞர் ரிச்சர்ட் ஓவனிடம் வந்தன. ஓவன் வில்லியம் கிளிஃப்டின் மருமகன். மாமனார் படம் போட்ட ஓட்டுக்கு மருமகன் உரிமையாளரைத் தேடிப் பிடித்தார் என்று சொன்னால் தப்பில்லை.

பல்லின் இரு பக்கமும் அந்த ஆழமான வரிப்பள்ளங்கள். மெகாத்தேரியத்தின் பல் இப்படி இருக்காது, அது சதுரமாக, மேலே குறுக்கு மேடுகளோடு இருக்கும். ஆகவே ஓட்டுக்குள் இருந்தது வேறு விலங்கு. அதற்கு கிளிப்டோடான் என்று பெயர் வைத்தார். 1839-இல் நிலவியல் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையின் நீண்ட தலைப்பே வழக்கின் கேள்வியைத் தாங்கி நிற்கிறது: கிளிஃப்ட் விவரித்த கவசம் இந்த விலங்கினுடையது, மெகாத்தேரியத்துக்கு அப்படியொரு கவசம் இருந்ததா என்பது பற்றிய ஆய்வு.

ஓவனின் வாதத்தில் இரண்டு படி. முதலாவது குழிக்கணக்கு. எங்கெங்கே மெகாத்தேரியத்தின் எலும்பு ஐயமின்றிக் கிடைத்ததோ அங்கே ஓடு இல்லை. எங்கே ஓடு கிடைத்ததோ அங்கே மெகாத்தேரியம் இல்லை. கிளிஃப்டின் அதே அறிக்கையைத்தான் ஓவனும் படித்தார், குழி குழியாகப் பிரித்துப் படித்தார். இரண்டாவது படி உடற்கூறு. ஆர்மடில்லோவின் முதுகெலும்புகளில் வழக்கமான முனைகளோடு கூடுதலாகச் சில முனைகள் மேல்நோக்கிச் சாய்வாக நீண்டு, கூரைக்கு உத்திரம் கொடுப்பதுபோல ஓட்டைத் தாங்கும். ஓடு சுமக்கும் விலங்கு என்றால் அந்தத் தாங்கல் எலும்பில் இருக்க வேண்டும். மெகாத்தேரியத்தில் அது இல்லை. அதன் அகன்ற இடுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும், கவசத்தைச் சொல்ல முடியாது. பக்லண்டின் வட்டவாதம் இந்த இடத்தில் உடைந்தது.

தோற்ற கட்சிக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடலாம். தரைவாழ் ஸ்லாத்துகளுக்குத் தோலில் எலும்பே கிடையாது என்பதில்லை. 1895-இல் சிலியின் தென்கோடியில் ஒரு குகையிலிருந்து மைலோடான் என்ற ஸ்லாத்தின் தோல், முடியோடு, காய்ந்த நிலையில் எடுக்கப்பட்டது. அதன் உட்புறம் முழுக்கச் சிறு சிறு எலும்புக் குருணைகள் பதிந்திருந்தன. கூரை கிடையாது, பூப்போட்ட சில்லும் கிடையாது. ஆனால் ஸ்லாத் தோலில் எலும்பா என்று கேட்பவருக்கு, ஆம், உண்டு என்றுதான் பதில்.

டார்வினுக்கு இந்தத் தீர்ப்பு வேறொரு கணக்கைக் கொடுத்தது. ஆர்மடில்லோ வாழும் கண்டத்திலேயே மாபெரும் ஆர்மடில்லோ போன்ற ஒன்று புதைந்திருக்கிறது. ஸ்லாத் வாழும் கண்டத்திலேயே மாபெரும் ஸ்லாத்தும் புதைந்திருக்கிறது. ஒரு நிலத்தில் இன்று வாழ்வதற்கும் முன்பு வாழ்ந்ததற்கும் ஏன் இப்படி ஓர் உறவு? 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், லா பிளாட்டாவில் கிடைக்கும் பிரமாண்டக் கவசத் துண்டுகளைப் பார்த்தால் இந்த உறவு படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும் என்று எழுதினார். ஓடு ஸ்லாத்தின் முதுகிலேயே தங்கியிருந்தால் இந்த வரியை இவ்வளவு துணிவாக எழுதியிருக்க முடியாது.

உரிமையாளர் மாறினால் பயனும் மாறும்

புழுதி தடுக்கும் கவசம் என்ற விளக்கம் மெகாத்தேரியத்தோடு போய்விட்டது. சரி, கிளிப்டோடானுக்கு இது எதற்கு? பற்களும் நகங்களும் கொண்ட வேட்டை விலங்குகள் அங்கே இருந்தன, தற்காப்பு என்பது இயல்பான விடை. ஆனால் சில ஓடுகளில் உடைந்து பின் ஆறிய தழும்புகள் உள்ளன. 1999-இல் அலெக்சாண்டர், ஃபரின்யா, விஸ்கைனோ மூவரும் டோடிக்யூரஸ் வாலின் தசை அளவைக் கணக்கிட்டு, ஓங்கி அடித்தால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்று பார்த்தார்கள். இன்னொரு கிளிப்டோடானின் ஓட்டை உடைக்க அது போதும் என்று வந்தது. அதாவது தழும்பைப் போட்டது தன் இனத்தாரின் வாலாகவே இருக்கலாம்.

2009-இல் உருகுவேயின் பிளாங்கோ குழு இன்னொரு கேள்வி கேட்டது. மட்டையால் பந்தை அடிப்பவர்களுக்குத் தெரியும், மட்டையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பட்டால் கை அதிராது. வாலுக்கும் அப்படி ஓர் இடம் இருக்க வேண்டும். பெரிய கிளிப்டோடான்கள் சிலவற்றில் அந்த இடமும், வால் நுனியில் கொம்பு முட்கள் பொருத்தியிருந்ததாகக் கருதப்படும் குழிகளும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. அப்படித் துல்லியமாக அடிக்க எதிராளி ஓரிடத்தில் நிற்க வேண்டும். பாய்ந்து வரும் வேட்டை விலங்கு நிற்காது, சண்டைக்கு வந்த இன்னொரு கிளிப்டோடான் நிற்கும். எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது, வாலைப் பொறுத்தவரை. ஓட்டின் தற்காப்புப் பயனை இது தள்ளிவிடவில்லை.

ஓடே சாட்சிக் கூண்டேறியது

ஓவனின் தீர்ப்புக்குப் பிறகும் ஒரு மேல்முறையீடு பாக்கி இருந்தது. கிளிப்டோடான் ஆர்மடில்லோவின் உறவு, சரி. எவ்வளவு நெருக்கம்? அருகருகே ஓடிய இரண்டு தனிக் குடும்பங்களா, அல்லது ஆர்மடில்லோ குடும்பத்துக்குள்ளிருந்தே வந்ததா? எலும்பை வைத்து இதற்கு உறுதியான விடை வரவில்லை. கிளிப்டோடானின் உடம்பு அத்தனை தூரம் மாறிப்போயிருந்தது.

2016 பிப்ரவரியில் பிரான்ஸின் ஃபிரெடரிக் டெல்சுக், கனடாவின் ஹென்ட்ரிக் பாய்னார், அமெரிக்காவின் ராஸ் மெக்ஃபீ உள்ளிட்ட குழு இதற்கு மரபணுவிலிருந்து விடை சொன்னது. சுமார் 12,000 ஆண்டுப் பழைய டோடிக்யூரஸ் ஓட்டின் ஒரு துண்டு அவர்களிடம் இருந்தது. வெப்பமான நிலத்தில் கிடந்த எலும்பில் டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். மிச்சமிருக்கும் துணுக்குகளைப் பிடிக்கத் தூண்டில் வேண்டும், அந்தத் தூண்டிலை உறவுள்ள விலங்கின் வரிசையைப் பார்த்துத்தான் செய்ய முடியும். ஆனால் உறவு எது என்பதே கேள்வியாக இருக்கும்போது எதைப் பார்த்துச் செய்வது? இன்றைய ஸ்லாத், எறும்புதின்னி, ஆர்மடில்லோ வரிசைகளிலிருந்து அவற்றின் மூதாதைகளின் வரிசை எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் கட்டமைத்து, அதைத் தூண்டிலாக்கினார்கள். முழு மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுப்பும் கிடைத்தது.

விடை: கிளிப்டோடான்கள் ஆர்மடில்லோக்களுக்குப் பக்கத்து வீடு அல்ல, அதே வீட்டுக்குள் ஒரு அறை. ஏறத்தாழ 35 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரு கிளை. இன்றைய ஆர்மடில்லோக்களில் ஒன்பது பட்டை ஆர்மடில்லோவை விட, மூன்று பட்டை ஆர்மடில்லோவும் கைக்குள் அடங்கும் இளஞ்சிவப்புத் தேவதை ஆர்மடில்லோவும் இவற்றுக்கு நெருங்கிய உறவு. அந்தத் தேவதை ஆர்மடில்லோ நூற்றுச் சொச்சம் கிராம்தான் இருக்கும், டோடிக்யூரஸ் ஒரு டன்னுக்கு மேல்.

ஃபால்க்னர் அளவைத் தவிர மற்றெல்லாம் ஆர்மடில்லோ என்றார். அவர் கையில் இருந்ததும் ஓடு, 2016-இல் ஆய்வகத்தில் இருந்ததும் ஓடு. இடையில் 242 ஆண்டுகள்.

மெர்லோவில் அதே கேள்வி, வேறு உருவில்

கிளிப்டோடான்களை மனிதர்கள் பார்த்திருக்கிறார்களா? அர்ஜென்டினாவின் ஃப்ளொரென்டினோ அமேகினோ 1880-களின் தொடக்கத்திலேயே, ஆதி மனிதர்கள் இந்த ஓட்டைக் கூரையாக வைத்து அடியில் குழி தோண்டி வாழ்ந்தார்கள் என்று எழுதினார். கிளர்ச்சியூட்டும் படம், இன்றும் ஓவியர்கள் வரைந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஓட்டுக்குப் பக்கத்தில் கரியும் கல்லும் கிடைத்தால், அவை ஓடு விழுந்த அதே காலத்தவையா என்று நிறுவ வேண்டும். சலாடோ, லண்டன் கதைதான் திரும்பவும்: பக்கத்தில் கிடந்தது என்பதற்கும் சேர்ந்தது என்பதற்கும் உள்ள இடைவெளி.

2024 ஜூலையில் லா பிளாட்டா தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியைச் சுருக்கப் பார்க்கிறது. புவெனஸ் ஐரிஸ் புறநகரான மெர்லோவில், ரெகோன்கிஸ்டா ஆற்றங்கரையில், நியோஸ்க்ளெரோகாலிப்டஸ் என்ற சிறிய வகைக் கிளிப்டோடான் ஒன்று கிடைத்தது. சிறியது என்றாலும் முந்நூறு கிலோ வரும். கரிமக் காலக்கணிப்பு ஏறக்குறைய 21,000 ஆண்டு என்கிறது, பனியுகத்தின் உச்சம். தென் அமெரிக்காவின் தென்பகுதியில் மனிதர் இருந்ததற்கு ஏற்கப்பட்டிருந்த தடயங்களைவிடச் சில ஆயிரம் ஆண்டுகள் முந்தியது.

எலும்புகளில் 32 வெட்டுத் தடங்கள். எல்லாம் இடுப்பெலும்பிலும் வால் முள்ளெலும்புகளிலும் வால் கவசத்திலும்தான். இங்கே சாட்சி பக்கத்தில் கிடக்கும் பொருள் அல்ல, எலும்பின் மேலேயே இருக்கிறது. அதனால் ‘ஒரே குழியா’ என்ற கேள்வி எழவில்லை. எழுவது ‘யார் போட்ட கீறல்’ என்ற கேள்வி. ஊனுண்ணியின் பல், கொறிவிலங்கின் பல், மற்ற விலங்குகள் மிதித்ததில் மணல் உரசியது, தோண்டும்போது பட்ட கருவி, இத்தனையும் கீறல் போடும். குழு ஒவ்வொரு தடத்தின் வடிவத்தையும் அளந்து, குறுக்குவெட்டில் வி வடிவம் இருப்பதைப் பார்த்து, அவை சிதறிக் கிடக்காமல் ஒழுங்கோடு அமைந்திருக்கின்றனவா என்றும் சோதித்தது. கல் கருவியால் இறைச்சி அறுத்த தடம் என்பதுதான் அவர்கள் முடிவு.

எனக்கு வலுவாகப் படுவது தடங்கள் இருக்கும் இடம். ஓடு போர்த்திய விலங்கை அறுக்க வருபவர் கூரையோடு மல்லுக்கட்ட மாட்டார். வாலின் அடியிலும் இடுப்பைச் சுற்றியும்தான் திரண்ட சதை இருக்கும், கத்தி நுழையவும் வழி இருக்கும். கீறல்கள் மணல் உரசலில் வந்திருந்தால் இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்து வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஒரே ஒரு விலங்கு, ஒரே ஒரு இடம். இவ்வளவு பழைய தேதியை ஒரு சாட்சியை வைத்து ஏற்க மாட்டோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பிடிவாதத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குவியேயின் அடிக்குறிப்பை அப்படி நாலு பேர் மறுத்திருந்தால் வழக்கு 1823-லேயே முடிந்திருக்கும். மெர்லோ குழுவும் அதே இடத்தில் மேலும் தோண்ட வேண்டும், தடங்களை இன்னும் நுணுக்கமாக ஆராய வேண்டும் என்றே சொல்லியிருக்கிறது.